தமிழ் தானாக வருவதில்லை

கணினியில் தமிழ் தானாகவே வந்துவிடும் என்று பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பெற்றோர் சிலர் கூறுவதை மறுக்கிறேன்.

லினக்சில் 'கொ' என எழுதினால், கொம்பைக் ககரத்திற்கு முன் நிறுத்துவது ஹார்ஃப்பஸ். எழுத்துருவைத் திரைக்கு வரைந்து தருவது ஃபிரீடைப். டெபியன் போன்ற வழங்கல்களில் பொதிகளை இயந்திரங்களே கட்டுகின்றன. ஆயினும் முழு வசதியோடு கட்ட, நெடுங்காலம் இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. எது முதலில்? இயந்திரம் திகைத்து நிற்கும். (கோழியா முட்டையா என்று நாம் சிரிப்போம், அது சிரிக்காது.)

ஹார்ஃப்பஸ் இல்லாமல் ஃபிரீடைப், பின்னர் ஹார்ஃப்பஸ், மறுபடியும் ஃபிரீடைப் என்று வரிசை வகுத்தவர்கள் மனிதர்கள். அவர்களுள் ஊதியம் பெறாத தன்னார்வலர் பலர். அவர்களுள் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? தட்டச்சோடு கணினி வகுப்பை முடித்துவிட்டு, தமிழ் வளர்ந்துவிட்டதென மேடையில் முழங்குவது எவ்வகை நேர்மை?

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் புதிய கணினி கேட்போர், இதற்கும் ஒரு பாடவேளை கேட்கட்டும்.