கிளிசரின் அடைத்த ஓட்டை... பீர் ஆலையில் வளர்ந்த ஃப்ரிட்ஜ்!

சமையலறை மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஜெர்மனியின் பீர் ஆலைகளுக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. அந்தச் சொந்தத்தைத் தொடக்கத்திலேயே கெடுக்கப் பார்த்தது, ஒரு கசிவு.

19-ம் நூற்றாண்டின் மியூனிக் நகரம். அங்கே தயாராகும் 'லாகர்' வகை பீர், நல்ல குளிரில் நொதிக்க வேண்டியது. சூடு ஏறினால் வேண்டாத நுண்ணுயிரிகள் பெருகி, பீப்பாய் பீப்பாயாகப் புளித்துவிடும். கோடையில் பீர் காய்ச்சவே கூடாது என்று பவேரியாவில் 1553-ல் சட்டமே போட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் போன பிறகும் சிக்கல் போகவில்லை. குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, வண்டி வண்டியாக நிலவறைகளில் அடுக்குவார்கள். ஒரு வருடம் குளிர் குறைந்தால் ஆலை முதலாளிகளுக்குத் தூக்கம் போய்விடும்.

அந்த ஊரில் பேராசிரியராக இருந்தவர் கார்ல் லிண்டே. இயந்திரத்தால் குளிரை உண்டாக்குவது பற்றி 1870-களின் தொடக்கத்தில் கட்டுரைகள் எழுதினார். பேராசிரியர்கள் படிக்க எழுதியதை பீர்க்காரர்கள் படித்துவிட்டார்கள்! ஷ்பாட்டன் ஆலையின் கேப்ரியேல் ஸெட்ல்மேயர், சோதனைக்குத் தன் ஆலையிலேயே இடம் கொடுத்தார்.

வாயுவை பிஸ்டனால் அழுத்தி, குளிர வைத்துத் திரவமாக்க வேண்டும். அது மறுபடி ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கணக்கு சரிதான். ஆனால், பிஸ்டனைத் தள்ளும் தண்டு சிலிண்டருக்கு வெளியே வந்து வந்து போக வேண்டுமே? அது நுழையும் ஓட்டை வழியாக வாயு கசியக் கூடாது. அசையாத மூடியை இறுக்கிவிடலாம். நிமிடத்துக்குப் பல முறை போய்வரும் தண்டை எப்படி இறுக்குவது? வீட்டு பைப் ஒழுகினால் வாளி வைக்கலாம். வாயு ஒழுகினால்?

முதல் இயந்திரத்தில் லிண்டே பயன்படுத்தியது மீத்தைல் ஈதர். எளிதில் தீப்பற்றும் வாயு. பாதரசத்தை வைத்து அடைத்துப் பார்த்தார். சரிப்படவில்லை. அடுத்த இயந்திரத்தில் அம்மோனியாவுக்கு மாறினார். அதுவும் சாது இல்லை. கண்ணை எரிக்கும், மூச்சை அடைக்கும். இந்த முறை தண்டைச் சுற்றி அடைப்புகளை வைத்து, அவற்றுக்கு இடையே கிளிசரினை நிரப்பினார். வாயு வெளியேற வழியில்லாமல் போனது. ட்ரையஸ்ட் நகரின் ட்ரேஹர் பீர் ஆலைக்குப் போன இயந்திரம் 1908 வரை ஓடியது. 1879-ல் லிண்டே பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, குளிர் இயந்திர நிறுவனமே தொடங்கிவிட்டார்.

இன்றும் பீர் ஆலைகளில் கசிவு என்றால் பயம்தான். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு விட்டால் போதும். தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவின் பங்காளிகள் அதற்குள் குடியேறிவிடும். தொட்டியைக் கழுவும்போதும் அவை தப்பித்துக்கொள்ளும். காற்று உள்ளே போனால், பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும்.

இவை சரக்குக்கு வரும் நஷ்டம். வெளியே கசியும் கார்பன் டை ஆக்ஸைடு ஆளையே கொல்லும். நொதிக்கும்போது உண்டாகும் இதற்கு நிறம் இல்லை. காற்றைவிடக் கனம் என்பதால் நிலவறைத் தரையில் தேங்கி நிற்கும். தெரியாமல் இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க ஓடுபவரும் அப்படியே விழுவார். அதனால்தான், இத்தகைய அறைகளில் வாயு அளவைக் காட்டும் அலாரம் கருவிகளை வைக்கிறார்கள்.

லிண்டேயைப் படுத்திய அந்த ஓட்டை, வீட்டு ஃப்ரிட்ஜில் கிடையாது. பின்பக்கம் கீழே கறுப்பாக ஒரு இரும்புக் குண்டு இருக்கும், கம்ப்ரஸர். மோட்டாரையும் பிஸ்டனையும் சேர்த்து அதற்குள் வைத்து, வெல்டிங் செய்து மூடிவிட்டார்கள். வெளியே வருவது குழாய்களும் மின் இணைப்பும் மட்டும்தான்.