பதினெட்டு வயது மூப்பர்

பதினெட்டு வயது! மீசை அரும்பும் பருவம். தந்தையின் சொல்லையும் தராசில் நிறுத்துப் பார்க்கத் துடிக்கும் பருவம். "ஏன்?" என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொண்டு உலகத்தையே துளைத்துப் பார்க்க முனையும் பருவம். அந்தப் பருவத்திலே ஓர் இளைஞனை அழைத்து, வெண்சட்டை அணிவித்து, கழுத்துப்பட்டை கட்டி, கறுப்புத் தகடொன்றில் அவன் பெயரைப் பொறித்து மார்பிலே மாட்டி, அந்தப் பெயருக்கு முன்னால் 'எல்டர்' என்ற பட்டத்தையும் சேர்த்து விடுகிறார்கள். எல்டர் என்றால் மூப்பர்! முகச்சவரம் இன்னும் கைவராத பிள்ளைக்கு மூப்பர் பட்டம்!

நடப்பது எங்கே? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வாசாட்ச் மலையடிவாரத்தில் உள்ள பிரோவோ நகரில். மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் திருச்சபையினர், 1830 இல் ஜோசப் ஸ்மித் தோற்றுவித்த அந்த அமைப்பினர், தம் இளைஞர்களை நாடு நாடாக அனுப்புமுன் அங்கே வைத்துப் பழக்குகின்றனர். 1961 இல் மொழி கற்பிக்கும் சிறு நிறுவனமாகத் தொடங்கியது. 1976 இல் இன்றைய வளாகத்துக்கு வந்தது. 1978 இல் மிஷனரிப் பயிற்சி நிலையம் என்று பெயர் பூண்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. இன்று அச்சபையின் சார்பில் உலகெங்கும் உலவும் இளம் மிஷனரிகள் எழுபதாயிரத்துக்கும் மேல்.

ஏளனம் செய்வதற்காக இதை எழுதவில்லை. ஏளனம் எளிது, மேடையிலே கைத்தட்டலும் வாங்கித் தரும். ஆனால் அந்த இளைஞனின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! காலை ஆறரைக்கு எழுச்சி, இரவு பத்தரைக்கு உறக்கம் என்பது அவர்களுடைய நெடுநாளைய ஒழுங்கு. இடைப்பட்ட நேரமெல்லாம் வகுப்பு, மொழி, மறைநூல், வேண்டுதல், மீண்டும் வகுப்பு. திரைப்படமில்லை; காதலில்லை. ஆணுக்கு இருபத்துநான்கு திங்கள், பெண்ணுக்குப் பதினெட்டுத் திங்கள் இந்தத் தொண்டு. ஊதியம்? ஒரு காசும் இல்லை. மாறாக, அமெரிக்க இளைஞனோ அவன் குடும்பமோ திங்கள்தோறும் பணம் கட்ட வேண்டும். 2020 சூலை முதல் அது 500 டாலர். 2019 பிப்ரவரி வரையில் பெற்ற தாயின் குரலைத் தொலைபேசியில் கேட்பதற்குக்கூட ஆண்டுக்கு இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் நாள். அதன் பிறகுதான் கிழமைக்கொரு முறை பேச இசைவு கிடைத்தது.

நம்மில் எத்தனை பேர் கொள்கைக்காக இரண்டாண்டைத் தந்தோம்? தர ஆயத்தமாக இருக்கிறோம்? கேட்டுக்கொள்வோம். நெஞ்சு சுடும், சுடட்டும்.

ஆகவே, நமது சினம் அந்தப் பிள்ளையின் மீதல்ல. அவனுடைய ஈகத்தைப் பிசைந்து உருட்டும் கைகளின் மீது.

முதலில், அவனுக்குத் தனிமை கிடையாது. எந்நேரமும் துணைவன் ஒருவன் உடன் இருப்பான். உண்ணும்போது, உலவும்போது, படிக்கும்போது, படுக்கும்போது எல்லாம் அவன் பார்வைக்கும் செவிக்கும் எட்டிய தொலைவிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. பாதுகாப்புக்காக என்பார்கள். அயல்நாட்டுத் தெருவிலே அது பாதுகாப்பாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஐயம் என்பது கூட்டத்திலே பிறப்பதில்லை, தோழர்களே! ஆற்றங்கரையில் தனியே அமர்ந்திருப்பவனுக்கு, இரவிலே கண்விழித்துக் கூரையைப் பார்த்துக் கிடப்பவனுக்குத்தான் அது வந்து வாய்க்கிறது. அந்த நாழிகையை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது, அந்தப் பயிற்சியின் உயிர்நிலை. வகுப்பறை ஒரு வீடாகிறது. ஆசிரியர் வீட்டுக்காரராகிறார். ஆசிரியர் யார்? பெரும்பாலும், இதே தொண்டை முடித்துத் திரும்பி அருகிலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞர். தாம் அயல்நாட்டில் சந்தித்த யாரோ ஒருவரைப் போல வேடமேற்று அமர்கிறார். இரு மூப்பர்கள் கதவைத் தட்டுகின்றனர். சில நாள்களே பழகிய மொழியில் தட்டுத் தடுமாறிப் பேசுகின்றனர். வீட்டுக்காரர் ஓர் ஐயத்தை எழுப்புகிறார். பிள்ளைகள் விடை சொல்கின்றனர். அவர் மெல்ல மெல்ல இளகுகிறார்.

ஐயத்துக்கும் வேடம்! கேள்வி கேட்பவரே அதன் விடையை முன்னரே நம்புபவர். அவருடைய மறுப்பு, தோற்பதற்கென்றே எழுப்பப்படும் மறுப்பு. நாடகத்திலே அரக்கன் வேடம் பூண்டவன் வீழ்ந்தே ஆகவேண்டும் அல்லவா? அதுபோல அந்த ஐயம் வீழ்ந்தே ஆகவேண்டும். கிழமைக் கணக்கில் இப்படி ஐயத்தை வீழ்த்திப் பழகியவன், மணிலாவிலோ சாவோ பாலோவிலோ மெய்யான மனிதன் ஒருவன் கதவைத் திறந்து மெய்யான கேள்வி ஒன்றைக் கேட்கும்போது என்ன செய்வான்? கேட்பானா? கேள்வியைக் கேட்க அவனைப் பழக்கவே இல்லையே! எந்தப் பாடத்துக்குள் இந்தக் கேள்வியை அடைக்கலாம் என்றுதான் அவன் மனம் தேடும்.

"சான்று என்ன?" என்று கேட்டால் அவன் தரும் விடை இது: படி, உள்ளம் உருகி வேண்டு, நெஞ்சில் ஓர் இளஞ்சூடு தோன்றும், அதுவே சான்று. தோன்றவில்லையென்றால்? மீண்டும் படி, மீண்டும் வேண்டு! தேறினால் மெய், தேறாவிட்டால் மறுதேர்வு. தோல்வி என்ற முடிவே இல்லாத தேர்வு இது. வகுப்பறையிலே இப்படி ஒரு தேர்வை நாம் நடத்தினால் கல்வி அதிகாரி விடுவாரா? இன்னும் ஒரு படி மேலே போனார் அச்சபையின் பெருந்தலைவர்களுள் ஒருவரான பாய்டு பாக்கர். 1983 இல் அச்சான அவருடைய உரையொன்று மிஷனரிகளிடையே பெயர் பெற்றது. நம்பிக்கை முழுமையாக வந்தபின் சாட்சி சொல்லலாம் என்று காத்திராதே, சாட்சி சொல்லும்போதே அது உனக்குக் கிட்டும் என்பது அதன் சாரம். முதலில் நாவு சொல்லும்; பிறகு நெஞ்சு நம்பும்! வெளியே சொல்லிச் சொல்லி உள்ளே ஏற்றிக்கொள்ளும் வித்தை! அயலானை மாற்றுவதற்கென்று தொடங்கிய பயணத்தில் முதலில் மாற்றப்படுபவன் அந்தப் பயணியே.

அந்த இளஞ்சூடு எவ்வளவு நம்பத்தக்கது? வரலாறு விடை வைத்திருக்கிறது. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று 1852 இல் பிரிகாம் யங் வெளிப்படையாக அறிவித்தார். நூறாண்டுக்கு மேல் அந்தத் தடை நின்றது. 1978 சூன் திங்களில், புதிய வெளிப்பாடு வந்ததென்று சொல்லி நீக்கினார்கள். தடைக்குக் காரணமாக முன்னோர் கற்பித்த விளக்கங்களைத் தாம் ஏற்கவில்லை என்று 2013 இல் அச்சபையே எழுதி வெளியிட்டது. நல்லது, காலம் கடந்தேனும் கைவிட்டார்களே! ஆயின், 1977 இல் பிரோவோவிலிருந்து புறப்பட்ட இளைஞன், இந்தத் திருச்சபையின் தலைவர் இறைவாக்கினர் என்று நெஞ்சுருகிச் சாட்சி சொன்னான். 1979 இல் புறப்பட்டவனும் அதே உருக்கத்தோடு அதே சாட்சியைச் சொன்னான். தடை இருந்தபோதும் நெஞ்சு சுட்டது. தடை போனபோதும் நெஞ்சு சுட்டது! இருவரில் யார் நெஞ்சைச் சான்றாக ஏற்பது? பெண்களுக்கு இன்றும் அந்தக் குருத்துவம் இல்லை. நெஞ்சு இன்றும் சுட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

"அயலானைப் பேசுகிறீர்களே, நம் வீட்டுக் கதை என்ன?" என்று உடனே கேட்பார் நம் வைதிக நண்பர். மறக்கவில்லை, ஐயா! பொருள் சொல்லாமல் பாலகனை ஒப்பிக்க வைக்கும் பாடசாலைகளை மறக்கவில்லை. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக 1970 இல் சட்டம் செய்தும், பயிற்சி முடித்த பிள்ளைகள் கருவறைக்குள் நுழையும் ஆணையைப் பெற 2021 வரை காத்திருந்ததையும் மறக்கவில்லை. பிரோவோவுக்கு நூறாண்டு தேவைப்பட்டதென்றால், உமக்கு எத்தனை நூறாண்டு என்று நீரே எண்ணிக்கொள்ளும்!

வேறொரு நண்பர் கேட்பார்: "மொழி கற்றுப் போகிறார்களே, அது நன்றல்லவா? மிஷனரிகள் கற்றதால்தானே தமிழுக்கு ஒப்பிலக்கணம் கிடைத்தது?" ஆம், கால்டுவெல் 1838 இல் வந்தார், 1856 இல் நூலைத் தந்தார். பதினெட்டு ஆண்டு! பிரோவோவில் மொழிக்கு ஒதுக்குவது ஆறு முதல் ஒன்பது கிழமை. கால அளவைக் குறை சொல்வதற்காக இதைக் காட்டவில்லை. எதற்காகக் கற்கிறோம் என்பதிலேதான் வேறுபாடு.

தரங்கம்பாடியைப் பாருங்கள். 1706 சூலையில் அங்கே கரையிறங்கிய சீகன்பால்குவுக்கு வயது இருபத்துநான்கை ஒட்டியிருக்கும். ஜெர்மனியின் ஹாலேயில் பயின்றவர். தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். முதிய ஆசிரியர் ஒருவரைத் தேடி, சிறு பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். மத மாற்றத்தைத் தம் வாழ்நாளில் ஒரு நாளும் அவர் கைவிடவில்லை; அவரைப் பகுத்தறிவாளர் ஆக்கிக் காட்ட நமக்கு விருப்பமுமில்லை. ஆனால் அவர் கேட்டார்! உலகநீதியையும் கொன்றைவேந்தனையும் நீதிவெண்பாவையும் 1708 இல் ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். 1712 முதல் 1714 வரை, தோழர் குருண்ட்லரோடு சேர்ந்து, தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி அவர்கள் தந்த விடைகளைத் திரட்டினார். 1713 இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூலே எழுதி ஹாலேக்கு அனுப்பினார்.

பயிற்றுவித்த ஹாலே என்ன செய்தது? அங்கிருந்த தலைவர் பிராங்கே நூலை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை அழிக்கத்தான் ஆள் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் வாதம். நூல் உறங்கிற்று. 1719 இல், முப்பத்தாறு வயதில், அதன் ஆசிரியர் தரங்கம்பாடி மண்ணில் உறங்கினார். 1867 இல் சென்னையில்தான் அந்நூல் அச்சேறிற்று. பேசப் போனவன் கேட்கத் தொடங்கினால், அனுப்பியவனுக்கு அச்சம் பிறக்கிறது. பிரோவோவின் போலி வீட்டுக்காரர் அந்த அச்சத்துக்குக் கட்டிய அணை.

இனி, நம் முற்றத்துக்கு வருவோம். நமது படிப்பகங்களிலும் பயிற்சி முகாம்களிலும் நடப்பதென்ன? "கடவுள் உண்டென்பவன் இப்படிக் கேட்டால் நீ இப்படிச் சொல்" என்று சொல்லித் தருகிறோம். தோழர் ஒருவர் எழுந்து பக்தர் வேடம் போடுகிறார். இன்னொரு தோழர் மூன்றே கேள்வியில் அவரை மடக்குகிறார். சிரிப்பு, கைத்தட்டல், தேநீர்! முகாம் முடிந்து ஊருக்குப் போகும் இளைஞனை, பிள்ளையைப் பறிகொடுத்த அத்தை ஒருத்தி, "மாரியம்மா பாத்துக்குவான்னு நெனச்சுத்தாண்டா உசுரோட இருக்கேன்" என்று சொல்லிக் கண்கலங்கும்போது, அவனுடைய மூன்று கேள்வியும் தொண்டையில் சிக்கிக்கொள்கின்றன. கற்றுத் தந்தவர்கள் நாம்தானே?

அடுத்த முகாமில் அந்த நாற்காலியில் தோழரை உட்கார வைக்க வேண்டாம். ஊரில் உள்ள மெய்யான பக்தர் ஒருவரை, காவடி எடுப்பவரையோ, ஞாயிறுதோறும் கோவிலுக்குச் செல்லும் கிறிஸ்தவ அம்மையாரையோ, ஐந்து வேளை தொழுபவரையோ மதிப்போடு அழைத்து வந்து அமர்த்துவோம். முதல் ஒரு மணி நேரம் அவர் பேசட்டும். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் கேட்போம். வாதம் பிற்பகலுக்கு இருக்கட்டும்.