காற்றைக் கண்டுபிடித்தவர் யார்?

"பருவக்காற்றைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால், "ஹிப்பலஸ் என்ற கிரேக்க மாலுமி" என்று பலர் பதில் சொல்லுவார்கள். சரித்திரப் பாடத்தில் அப்படிப் படித்தவர்கள் உண்டு.

என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. காற்று என்ன, காட்டுக்குள் புதைந்து கிடந்த கோவிலா, ஒருவர் போய்க் கண்டுபிடிப்பதற்கு?

முதலில் இந்தக் காற்று எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

சித்திரை வெயிலில் கடற்கரை மணலில் கால் வைக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் கடல் நீரோ குளிர்ந்து இருக்கும். நிலம் சீக்கிரம் சூடாகும். கடல் மெதுவாகத்தான் சூடாகும். அடுப்புக்கு மேலே புகை எழும்புகிறது அல்லவா? அதுபோல, நிலத்தின் மேல் உள்ள சூடான காற்று மேலே போகிறது. அந்த இடத்துக்குக் கடலில் இருந்து காற்று ஓடி வருகிறது. மாலையில் கடற்கரையில் நாம் வாங்கும் காற்று இதுதான்.

கோடையில் இதே வேலை இந்தியா முழுவதற்கும் நடக்கிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே கிளம்பும் காற்று நம்மை நோக்கி வருகிறது. பூமி சுழலுவதால் அது நேராக வராமல், வளைந்து தென்மேற்கில் இருந்து வீசுகிறது. ஜூன் மாதம் கேரளத்தில் மழை கொட்டுவது இதனால்தான். குளிர்காலத்தில் எல்லாம் தலைகீழ்! நிலம் குளிர்ந்துவிடும். காற்று வடகிழக்கில் இருந்து வீசும். ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டுக்கு மழை தருவது அந்தக் காற்று.

பாய்மரக் கப்பலுக்கு இது கூலி கேட்காத வண்டிக்காரன். செங்கடல் வாயிலில் பாய் விரித்தால் 40 நாளில் முசிறித் துறைமுகம்! ரோமாபுரியைச் சேர்ந்த பிளினி இப்படி எழுதியிருக்கிறார். மார்கழி வாக்கில் மிளகுடன் திரும்பலாம்.

வழி காட்டியவர்

கி.மு. 118 வாக்கில் நடந்ததாக ஒரு கதை உண்டு. செங்கடல் கரையில் ஒரு கப்பலைக் காவலர்கள் கண்டார்கள். உள்ளே குற்றுயிராக ஒரே ஓர் ஆள். இந்தியாவில் இருந்து வழி தவறி வந்தவர். கூட வந்தவர்கள் பட்டினியால் மாண்டுவிட்டார்கள். எகிப்து மன்னர் அவருக்குக் கிரேக்க மொழி கற்பிக்கச் செய்தார். இந்தியாவுக்கு வழி காட்டுவதாக அவர் சொன்னார். அப்படியே யூடாக்ஸஸ் என்பவர் அந்தப் பயணத்தில் வந்து, வாசனைப் பொருள்களுடன் திரும்பினார்.

இதை எழுதிவைத்த ஸ்டிராபோ என்ற அறிஞரே இதை நம்பவில்லை! கதை பொய்யாகவே இருக்கட்டும். வழி தெரிந்தவர் இந்திய மாலுமி என்று கிரேக்கரே பேசிக்கொண்டார்களே, எனக்கு அது போதும்.

அந்த மாலுமியின் பெயர் கதையில் இல்லை. ஹிப்பலஸ் பெயரையோ காற்றுக்கே சூட்டிவிட்டார்கள். அவரைக் குறை சொல்லவில்லை. கரையோரமாக ஊர்ந்த கிரேக்கக் கப்பல்களுக்கு நடுக்கடல் வழியைக் காட்டிய துணிச்சல்காரர் அவர்.

ஆனால், தென்றல், வாடை, கோடை, கொண்டல் என்று நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்தவர்கள் தமிழர்கள். கரிகாலனின் முன்னோர் ஒருவர் காற்றை ஏவல் கொண்டு கடலில் கலம் செலுத்தியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. பாடியவர் வெண்ணிக்குயத்தியார் என்ற பெண்!

காற்றுகளின் வரைபடத்தை 1686-ல் வெளியிட்ட எட்மண்டு ஹாலி கூட மாலுமிகளிடம் விசாரித்துத்தான் அதை வரைந்தார்.

இனி உங்கள் வீட்டுப் பிள்ளை "ஹிப்பலஸ்" என்று ஒப்பித்தால், "அவருக்கு யாரப்பா சொல்லிக் கொடுத்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.