எலிக் கணக்கு

ஜனக் கணக்கு எடுக்கிறார்கள். கால்நடைக் கணக்கு எடுக்கிறார்கள். காட்டிலே புலிக் கணக்குக்கூட எடுக்கிறார்கள். ஆனால் சிந்தாதிரிப்பேட்டையில் எலிக் கணக்கு எடுக்க வேண்டுமென்று யாராவது சொன்னால், "இந்த மனுஷனுக்கு வேறு வேலை கிடையாதா?" என்றுதான் கேட்போம். ஆயினும், எலியை அலட்சியம் செய்ததற்காக நமது தேசம் கட்டியிருக்கும் அபராதம் கொஞ்சநஞ்சமல்ல.

1896-ல் பம்பாயில் பிளேக் தோன்றியது. மறு வருஷம் அது பூனாவில் பரவியபோது ஆங்கில சர்க்கார் என்ன செய்தார்கள்? பட்டாளத்துச் சிப்பாய்களை வீடு வீடாக ஏவினார்கள். பூஜை அறையென்றும் சமையலறையென்றும் பாராமல் புகுந்து அவர்கள் நோயாளியைத் தேடினார்கள். ஜனங்களின் மனம் கொதித்தது. பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். லோகமான்ய திலகர் ராஜத்துவேஷக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். இத்தனை அமளியிலும் உண்மைக் குற்றவாளியை ஒருவரும் விசாரிக்கவில்லை! 1898-ல் கராச்சியில் ஸிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் அதைச் செய்தார். எலி செத்து உடல் குளிர்ந்ததும், அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகள் வேறு உடலைத் தேடிப் புறப்படுகின்றன. நோயும் கூடவே புறப்படுகிறது என்று அவர் கண்டார். வீட்டில் எலி விழுந்தால் ஊரைக் காலி செய்து, வெளியே கொட்டகை போட்டுக்கொண்ட நம் கிராமத்து ஜனங்களுக்கு இதில் பாதி முன்னமே தெரிந்திருந்தது.

ஆகவே, மனிதர்களைப் பிடிப்பதற்கு முன் எலிகளைப் பிடிப்பது என்ற நல்ல வழக்கம் ஏற்பட்டது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கும் ஓசூர், கோலார்ப் பிரதேசம் பிளேக்குக்குப் பழைய இருப்பிடம். அங்கே வீட்டெலிகளையும் தரிசு நிலத்து எலிகளையும் பொறிவைத்துப் பிடித்து, உடம்பைச் சீவித் தெள்ளுப்பூச்சிகளை எண்ணினார்கள். பிளேக்கைப் பரப்பும் ஜாதித் தெள்ளு எலிக்கு ஒன்று வீதத்துக்கு மேல் போனால் அபாயம் என்பது கணக்கு. எலி தின்னும் நாய்களின் ரத்தத்தையும் பரிசோதித்தார்கள். நாய்க்குப் பிளேக் எளிதில் எமனாவதில்லை. ஆனால் அது தின்ற எலியின் சரித்திரம் அதன் ரத்தத்தில் எழுதியிருக்கும்.

இந்த ஜாக்கிரதை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1994 காட்டிற்று. ஆகஸ்டு மாதம் மராட்டியத்தின் பீட் ஜில்லாவில் எலிகள் விழுந்தன. செப்டெம்பரில் சூரத் நகரிலிருந்து லட்சக் கணக்கான ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறினார்கள்.

பிளேக் எலியாவது தன் உயிரை விட்டு நமக்கு நோட்டீஸ் கொடுக்கிறது. மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவின் கியாசனூர்க் காட்டில் 1957-ல் குரங்குகள் செத்து விழுந்தும் அப்படியே ஒரு புதிய காய்ச்சலை அறிவித்தன. ஆனால் நோட்டீஸே கொடுக்காத வியாதி ஒன்று இருக்கிறது. அதுதான் எலிக் காய்ச்சல். அதன் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலியோ சௌக்கியமாகவே உலாவுகிறது. அது கழிக்கும் சிறுநீர் தேங்கிய தண்ணீரில் கலந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக நமக்குள் நுழைகிறது. செத்த எலிக்காகக் காத்திருந்து இதில் பிரயோஜனமில்லை. உயிருள்ள எலியைத்தான் எண்ண வேண்டும்.

இங்கேதான் சிந்தாதிரிப்பேட்டை வருகிறது. 1734-ல் நெசவாளர்களுக்காக ஏற்பட்ட இந்தப் பேட்டையை மூன்று புறமும் கூவம் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மீன் மார்க்கெட்டின் கழிவும் சாக்கடையும் பெருச்சாளிக்குத் தினந்தோறும் விருந்து. 2015 டிசம்பரில் நடந்ததுபோல் கூவம் பெருகினால், வளைகளில் நீர் நிரம்பி எலிகள் நம்மிடம் வருகின்றன. நாம் அந்த நீரில் வெறுங்காலுடன் இறங்குகிறோம்.

எண்ணுவதற்குப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. மாலையில் தெருவிலுள்ள வளைகளையெல்லாம் மண்ணால் அடைத்துவிட்டு, காலையில் எத்தனை திறந்திருக்கின்றன என்று பார்த்தால் போதும். குடியுள்ள வளை எது என்று தெரிந்துவிடும். மழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் தெருத் தெருவாக இதைச் செய்து, பிடித்த எலிகளில் சிலவற்றின் சிறுநீரகத்தைப் பரிசோதித்தால், எந்தத் தெருவுக்கு ஆபத்து என்பதும் தெரிந்துவிடும். விஷம் வைப்பது மட்டும் போதாது. குப்பை அப்படியே கிடக்குமானால், மிஞ்சிய எலிகள் விரைவில் காலி வீடுகளைக் குட்டிகளால் நிரப்பிவிடும்.

சாக்கடையில் இறங்கும் தொழிலாளிக்குத்தான் இந்தக் காய்ச்சல் முதலில் வருகிறது. அவருக்கு முழங்கால் வரை பூட்ஸும் கையுறையும் கொடுப்பது தர்மமல்ல, கடமை. வெள்ளத்தில் நடந்த பின் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் கண்டால் உடனே வைத்தியரிடம் போகவேண்டும்; ஆரம்பத்தில் கவனித்தால் குணப்படுத்த மருந்து இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி அடுத்த வீட்டு வாசலிலோ கூவத்திலோ எறிவது நமது நெடுநாளைய வழக்கம். இனிமேல் சுகாதார அதிகாரியிடம் சொல்லியனுப்புவோம். எலிக் கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டால், சாவுக் கணக்கு எழுதும் வேலை குறையும்.