மலையில் மழை பெய்கிறதா?

மார்சிலிங்கில் வசிக்கும் எங்களுக்கு ஜோகூர் அடுத்த வீடு மாதிரி. கடற்பாலத்தைக் கடந்து கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்குப் போகலாம் என்ற பேச்சு ஆண்டிறுதி விடுமுறை வந்தாலே நண்பர்களிடையே எழும். முந்தாஹாக் மலையடிவாரத்தில் ஆறும் அருவியும் காடும் சேர்ந்த இடம் அது. பேருந்து, பணம், சாப்பாடு எல்லாம் எங்கள் திட்டத்தில் இருக்கும். ஆறு மட்டும் இருக்காது. அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்பேன்.

நமக்குப் பழக்கமான ஆறு வேறு. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்தால், எச்சரிக்கை விளக்கும் ஒலியும் நம்மைக் கரையேறச் சொல்லும். மலையாறுகள் எல்லாவற்றிலும் அந்த வசதி கிடையாது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மலையுச்சியில் பெய்த மழை சரிவில் திரண்டு சில நிமிடங்களில் நம்மை எட்டிவிடும். மலாயில் இதை ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி கெடாவின் ஜெராய் மலையடிவாரத்தில் வந்த திடீர் வெள்ளம் ஆறு பேரின் உயிரைப் பறித்தது. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் அடித்துச் செல்லப்பட்டு மாண்டவருக்கு வயது 17. நம் வயதுதான்.

நவம்பர், டிசம்பரில்தான் நமக்கு நீண்ட விடுமுறை. வடகிழக்குப் பருவமழை ஜோகூரில் வலுப்பதும் அப்போதுதான். மார்ச் விடுமுறை ஒரு வாரமே என்றாலும் பொதுவாக மழை குறைவு. ஒருநாள் பயணத்துக்கு அது போதும்.

புறப்படும் நாளன்று பூங்கா திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மார்சிலிங்கின் வானிலையைப் பார்க்காமல், மலைப்பகுதியின் வானிலையைப் பாருங்கள். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். அதனால் காலையிலேயே குளித்து முடியுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். குழுவில் ஒருவர் “இன்று இறங்க வேண்டாம்” என்றால், பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யாமல் எல்லாரும் கேட்க வேண்டும். இதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் அப்பா அம்மா விடவே மாட்டார்கள் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எப்போது போகிறோம், எப்போது திரும்புகிறோம், மழை வந்தால் என்ன செய்வோம் என்று தெளிவாகச் சொல்லும் பிள்ளைகளை நம்பி அனுப்புவது பெற்றோருக்கும் எளிது.