உள்ளத்தின் பாரத்துக்கும் தமிழிலே மருந்து வேண்டும்

தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து நாள்தோறும் நிறுக்கப்படுகிறது. குறைந்த கிலோவும் கணக்கில் ஏறுகிறது. கண்டி நகரத்துக் கந்தோர்களிலே இலிகிதர் வந்த நேரமும் போன நேரமும் பதியப்படுகின்றன. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அன்று தொட்டு இன்றுவரை இம்மலைநாட்டில் உழைப்பவரின் கையும் காலும் ஈட்டித் தந்த பயன் அனைத்தும் கணக்கிடப்பட்டே வந்திருக்கிறது. அந்த உழைப்பு அவர்தம் உள்ளத்தின்மீது ஏற்றிய பாரத்தைக் கணக்கிட்டவர் யார்?

தொழிலால் வரும் உள நெருக்கீட்டை நம்மவர் சோம்பல் என்பர், கோழைத்தனம் என்பர், கிரகக் கோளாறு என்றும் சொல்வர். அறிவியல் அவ்வாறு சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்ற நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் தொழிற்சோர்வுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. ஓய்வெடுத்தும் தீராத அசதி, செய்யும் தொழிலின்மீது வெறுப்பு, தம்மால் எதுவும் ஆகாது என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் குறிகள். இதனை ஒரு நோயென்று அந்நிறுவனம் கூறவில்லை. சரிவரச் சீர்செய்யப்படாத தொழில் நெருக்கீட்டின் விளைவென்றே கூறியது. எனவே உழைப்பவனின் நெஞ்சுரத்தைப் பழிக்கும் முன்னர், அவன் உழைக்கும் இடத்தின் நடைமுறையை ஆராய்தல் வேண்டும்.

கண்டிச் சீமையிலே இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. விடியலில் பிரட்டுக்களம் செல்லும் பெண், நிர்ணயித்த கிலோ சேருமா, அரைப்பேர் விழுமா என்ற ஏக்கத்தோடே மலை ஏறுகிறாள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தமை உண்மையே. ஆயினும் 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் அரிசியும் மாவும் ஏறிய ஏற்றத்தை அவள் மறக்கவில்லை. தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கங்களில் மரக்கறி பயிரிடும் விவசாயி, 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது பட்ட கடனை நினைத்து இரவில் விழித்திருக்கிறான். நகரத்து வங்கியிலும் பாடசாலையிலும் பணியாற்றும் நம் படித்த வாலிபரோ, மேலிடத்தின் கெடுபிடியை வாய்திறந்து சொன்னால் பதவி உயர்வு போய்விடுமென அஞ்சி மௌனம் சாதிக்கின்றனர்.

சொல்லாத நெருக்கீடு உடலில் பேசத் தொடங்குகிறது. உறக்கம் கெடுகிறது, தலைவலியும் நெஞ்சுப் படபடப்பும் ஓயாது வருகின்றன, அற்ப காரியத்துக்கெல்லாம் பிள்ளைகள்மீது சினம் பாய்கிறது, மாலையானதும் சாராயக் கடையைக் கால்கள் நாடுகின்றன. இக்குறிகள் இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடிக்குமாயின் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

உளச்சிகிச்சை என்றவுடன் பூட்டிய அறையை எண்ணி நம் மக்கள் நடுங்குகின்றனர். அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1873ஆம் ஆண்டில் பிரித்தானியர் இயற்றிய சட்டம் உளநோயாளரைக் காப்பகத்தில் அடைப்பதையே பெரிதும் கருதியது. அங்கொடை என்னும் ஊரின் பெயரே வசைச்சொல்லாகியது. இன்று பேச்சினாலேயே நடைபெறும் சிகிச்சைகளும் உள்ளன. அமெரிக்க வைத்தியர் ஆரன் பெக் 1960களில் வகுத்த முறை அவற்றுள் பெயர்பெற்றது. கங்காணி கடிந்த ஒரு சொல்லிலிருந்து, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற முடிவுக்கு உள்ளம் ஒரே பாய்ச்சலில் போய்விடுகிறது. அந்த முடிவுக்கு ஆதாரம் என்ன, மாறான ஆதாரம் என்ன என்று சிகிச்சையாளர் உடனிருந்து வினவுகிறார். வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் பேசிப் பழகியபின், அந்த வினாவைத் தனக்குத் தானே எழுப்பும் ஆற்றல் நோயாளிக்கு வருகிறது.

இங்கேதான் நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் குளிசைக்கு மொழி வேண்டியதில்லை. பேச்சையே மருந்தாகக் கொண்ட சிகிச்சைக்கு மொழிதான் உயிர். 'யோசனை அதிகம்', 'நெஞ்சு அடைக்குது', 'மனசு சரியில்லை' என்று நம் தாய்மார் சொல்லும் ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு வேதனை அடங்கியிருக்கிறது. அருகில் நிற்கும் சிற்றூழியரை மொழிபெயர்க்க அழைத்துவிட்டு, கணவனின் குடியையும் கங்காணியின் ஏச்சையும் ஒரு பெண் மனந்திறந்து பேசுவாள் என எதிர்பார்ப்பது பேதைமையன்றோ?

ஆபிரிக்காவின் சிம்பாப்வே நாடு இதற்கு வழிகாட்டியிருக்கிறது. அங்கே 2006ஆம் ஆண்டில் டிக்சன் சிபாண்டா என்ற உளவைத்தியர், ஊர்ப் பாட்டிமாரைப் பயிற்றுவித்து மருந்தகங்களின் முற்றத்திலே மரவாங்குகளில் அமர்த்தினார். ஷோனா மொழியில் 'அளவுகடந்த யோசனை' என்று பொருள்படும் மக்கள் சொல்லையே அவர்கள் கையாண்டனர். 2016இல் வெளியான ஆய்வின்படி, ஆறு மாதங்களின் பின்னர் வழமையான கவனிப்பைப் பெற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் மனச்சோர்வு எஞ்சியிருந்தது. பாட்டிமாரிடம் பேசியோரில் அது 14 வீதமாகவே இருந்தது. பெரிய பட்டம் இல்லாதவரும், முறையான பயிற்சியும் மக்களின் மொழியும் இருந்தால், இப்பணியைச் செய்ய முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? நம் நாட்டிலும் போர்க்காலத்து யாழ்ப்பாணத்திலே சாந்திகம் போன்ற நிலையங்கள் தமிழில் உளவளத்துணையை வளர்த்தன. வடக்கிலே இயன்றது மலையகத்தில் இயலாதா?

பேச்சு வயிற்றை நிரப்புமா என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. கூலியைக் குறைத்து, வேலையைக் கூட்டி, பின்பு ஆறுதல் மொழி சொல்ல ஒருவரை அனுப்பும் நிர்வாகத்தை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2022இல் இதனையே கூறின: தொழிலாளிக்கு உதவுவதோடு, நெருக்கீட்டை விளைவிக்கும் வேலைச்சுமையையும் கொடுமையையும் நிர்வாகம் அகற்ற வேண்டும். கூலிக்கான போராட்டமும் உளநலத்துக்கான கோரிக்கையும் ஒரே ஏரில் பூட்டிய இரு காளைகள்.

ஆதலின் நாம் கேட்பவை இவை. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் தமிழில் உளச்சிகிச்சை தரவல்லவர் போதிய அளவில் இருத்தல் வேண்டும். தோட்டங்கள்தோறும் தமிழறிந்த பெண்கள் சிலர் உளவளத்துணையில் பயிற்றப்படல் வேண்டும். தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு அடுத்த வரியாக இதனை எழுதுவித்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. அந்த உரிமை பெயர்ப்பலகையோடு நின்றுவிடலாகாது. நோயாளியின் கட்டிலருகேயும் அது வந்து அமர வேண்டும்.

அதுவரை அன்பர்கள் வாளாவிருக்க வேண்டாம். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை லயத்துச் சுவரிலும் கந்தோர்ப் பலகையிலும் எழுதி வையுங்கள். தோழர் ஒருவர் முகம் வாடி ஒதுங்கி இருப்பாராயின், 'என்ன யோசனை?' என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். பின்னர் வைத்தியரிடம் அவருக்குத் துணையாகச் செல்லுங்கள்.