போலீஸ் சேர்த்து வைத்த பாட்டுகள்

இசையும் அரசியலும் என்று புராஜெக்டுக்குத் தலைப்பு எடுக்கும் மாணவர் முதலில் போய் நிற்கும் இடம் சினிமாப் பாட்டு. எம்.ஜி.ஆர் படப் பாடல்கள், நாகூர் ஹனிபாவின் கட்சிப் பாடல்கள் என்று செல்போனில் தேடியதும் வந்து விழுபவற்றை வைத்தே அறுபது பக்கம் நிறைந்துவிடுகிறது. அந்தப் பாடல்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் திருப்பூர், அவிநாசி, திருமுருகன்பூண்டி வட்டாரத்து மாணவர், தன் ஊர் பனியன் கம்பெனி வாசலிலும் சங்கக் கூட்டத்திலும் பாடப்பட்டதை ஆராய நினைத்தால், "அதற்கெல்லாம் ஆதாரம் கிடைக்காது" என்ற பதிலே வருகிறது. இந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. எந்தப் பாட்டுக்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்பதற்கே ஓர் அரசியல் காரணம் இருக்கிறது.

வெள்ளையர் ஆட்சியில் அரசியல் பாட்டை அக்கறையாகச் சேர்த்து வைத்தது, அதை ஒழிக்க நினைத்த அரசுதான். அச்சிட்ட நூல்களின் பிரதியை அரசுக்கு அனுப்ப வேண்டும் என்றது 1867ஆம் ஆண்டுச் சட்டம். நாடக மேடையைக் கட்டுப்படுத்த 1876இல் ஒரு சட்டம். அச்சிட்டதைப் பறிமுதல் செய்ய 1910இலும் 1931இலும் பத்திரிகைச் சட்டங்கள். சந்தையிலும் ரயிலடியிலும் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைப் போலீஸ் பிடித்துக் கொண்டுபோனது. ஆட்சேபகரமான வரிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, அரசாணையோடு கோப்பில் கட்டி வைத்தார்கள். வாங்கியவர் வீட்டில் அந்தச் சாணித்தாள் எப்போதோ பொடிந்து போயிருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் தடை செய்யப்பட்ட தமிழ் வெளியீடுகளை இன்றும் பார்க்கலாம். இத்தகைய பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால், பாட்டுக்கு மேலே இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி இருக்கும். மாணவர் அந்த வரியில் நின்று யோசிக்க வேண்டும். நாடகக் கொட்டகையில் ஊரே கேட்டுப் பழகிய மெட்டில் காந்தியையும் கதரையும் ஏற்றிவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் மறுநாளே பாடிவிடுவார். அரசு பயந்ததும் இதற்காகத்தான். பலமுறை சிறை சென்ற நடிகர் விஸ்வநாததாஸ், காங்கிரஸ் மேடைகளில் பாடிய கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் ஆகியோரின் காலத்தை சு.தியடோர் பாஸ்கரன் 1981இல் விரிவாக எழுத முடிந்ததற்கு, கோப்புகளும் இசைத்தட்டுகளும் மிஞ்சியிருந்ததும் ஒரு காரணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு தெருமுனைப் பாட்டு முன்போலக் கோப்பில் ஏறவில்லை. தடுக்க ஆள் குறைந்தபோது சேர்க்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடிய பாவலர் வரதராஜனை இன்று நினைவில் வைத்திருக்கிறோம் என்றால், அவர் இளையராஜாவின் அண்ணன் என்பது அதற்குப் பெரிய காரணம். அவரைப் போல ஊர் ஊராகப் பாடி, புகழ்பெற்ற தம்பி இல்லாதவர்களின் கதி என்ன? திருப்பூரில் 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பொருளாதாரத்தை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நான்கு மாதத்தில் பந்தலிலும் ஊர்வலத்திலும் எந்தப் பாட்டு ஒலித்தது, யார் கட்டியது, எந்த சினிமா மெட்டில் என்று கேட்டால், பதில் அன்று இருபது வயதாக இருந்து இன்று அறுபதைத் தாண்டியவர்களின் நினைவிலும், அட்டைப்பெட்டியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் கேசட்டுகளிலும்தான் இருக்க முடியும். இதோடு 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் பாட்டுக்கு வழக்கு ஆவணமும் பத்திரிகைச் செய்தியும் உண்டு. கைதாகாத பாடகருக்கு ஒரு துண்டுத்தாள்கூட இல்லை.

ஆகவே இந்த வட்டாரத்து மாணவர் ஆதாரத்தைத் தேடுவதோடு நிற்காமல், அதை உருவாக்கவும் வேண்டும். முதியவரின் நினைவு தடுமாறும், சங்கத்துக்காரர் தன் சங்கத்தைப் பெருமையாகவே சொல்வார், இதையெல்லாம் ஆய்வில் எப்படிச் சேர்ப்பது என்பார்கள். தடுமாறும் என்பது உண்மை. ஆனால் இதற்கான பாடம் திருமுருகன்பூண்டியிலேயே இருக்கிறது. சுந்தரர் இத்தலத்தில் பாடிய பதிகத்தில், வழிப்போக்கரை மறித்துத் துணியைப் பறிக்கும் வடுக வேடுவர் வருகிறார்கள். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னைச் சிவபூதங்களே வேடராக வந்து பறித்தன என்ற விரிவான கதையை, சில நூற்றாண்டு கழித்துப் பெரியபுராணத்தில் பார்க்கிறோம். கதை பிந்தியது என்பதற்காக யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை. பதிகத்தைக் கொங்கு வழித்தடங்களின் நிலைக்குச் சான்றாகவும், கதையைப் பிற்காலம் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்குச் சான்றாகவும் வைக்கிறோம். தொழிலாளி 1984இல் பாடியதையும், அதைப் பற்றி அவர் இன்று சொல்வதையும் இப்படியே பிரித்து வைக்கலாம். ஒரே பாட்டை இரண்டு பேரிடம் தனித்தனியாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். எங்கே, எப்போது, எந்த மெட்டு என்று கேட்டு, அந்த நாளின் தீக்கதிர், ஜனசக்தி இதழ்களோடும் சங்கத்தின் நோட்டீஸோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். போலீஸ் கோப்பு மட்டும் நடுநிலையாகவா எழுதப்பட்டது? அதையும் இப்படித்தானே சலித்துப் படிக்கிறோம்.

நேரமில்லை, கல்லூரிக்குள் கட்சி அரசியல் வந்துவிடும் என்று இன்னும் இரண்டு தயக்கங்கள் உண்டு. முதலாவது நியாயமானது; ஒரு பருவத்தில் ஐம்பது பேரைப் பார்க்க முடியாது. நான்கு பேர் போதும். அடுத்த ஆண்டு மாணவர் அடுத்த நால்வரைப் பார்க்கட்டும். இரண்டாவதை ஏற்க முடியவில்லை. இடதுசாரி, திராவிட, காங்கிரஸ், தேசியக் கட்சி மேடை எல்லாவற்றின் பாட்டையும் ஒரே கேள்வித்தாளோடு பதிவு செய்தால் அதில் எங்கே கட்சி வருகிறது? ஊர் ஊராய் அலைந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியின் பாட்டையும் பேச்சையும் 1940இல் பதிவு செய்து வைத்தது அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். ஓர் அரசு நிறுவனம்தான். இங்கே அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. திருப்பூர் அரசுக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் கேசட்டை மின்வடிவாக்க ஒரு கருவி வாங்கட்டும். பாடியவரின் ஒப்புதல் கையெழுத்தோடு ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்திலும், இன்னொன்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் சேர்க்கட்டும். புராஜெக்டின் நூறு மதிப்பெண்ணில் முப்பதை இந்தப் பதிவுக்கே ஒதுக்கலாம். வைவாவில் எத்தனை நூல் படித்தாய் என்று கேட்பவர், யாரைப் பாட வைத்தாய் என்றும் இந்த ஆண்டே கேட்கத் தொடங்கலாம். 127 நாளும் பந்தலில் உட்கார்ந்தவர்களில் பலர் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.